கோடையில் நாய்களோடு ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறோம்: ஹோவிக் பக்கம் அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

இரட்டைவால், பீனிக்ஸ்:

அனைவருக்கும் வணக்கம். வருகிற டிசம்பர் விடுமுறைக்கு, நம் தென்னாப்பிரிக்கக் கோடையின் நடுவில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு டர்பனை அடுத்த பீனிக்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவர்களையும் எங்கள் இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் மிட்லண்ட்ஸ் மேட்டுப் பகுதியில், ஹோவிக் பக்கம், ஏதாவது ஓர் ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கில் ஒரு காலைப்பொழுது முழுக்க நடந்துவிட்டு வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாய்களில் மூத்தவள் ராணி. பத்து வயது லாப்ரடார், கொஞ்சம் உடல் பெருத்தவள். இளையவன் கறுப்பன் ஆப்பிரிக்கானிஸ் என்ற இந்த மண்ணின் நாட்டு நாய் இனத்தவன். இரண்டு வயதில் எலும்பும் நரம்புமாக இருப்பான், காற்றில் ஒரு சருகு அசைந்தாலும் துரத்திக்கொண்டு ஓடுவான்.

இவ்வளவு முன்கூட்டியே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன ஜனவரியில், வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் ஆற்றோரப் பாதைக்குக் காலை ஒன்பதரை மணிக்கு ராணியைக் கூட்டிப் போனோம். பத்தரை மணிக்கெல்லாம் அவள் பாதையின் நடுவிலேயே படுத்துவிட்டாள். நாக்கு வழக்கத்தைவிட அகலமாக, கருஞ்சிவப்பாகத் தொங்கியது. பெயர் சொல்லி அழைத்தால் கண் மட்டும் அசைந்தது. என் கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அரைக் கிலோமீட்டர் நடந்து காரை அடைந்தார். முப்பத்து நான்கு கிலோ எடை. ராணி பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த அரைக் கிலோமீட்டரை நான் இன்னும் மறக்கவில்லை. தவறு முழுக்க முழுக்க எங்களுடையதுதான்: ஆற்றோரம் என்றால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

இன்னொரு சிக்கல் என் மாமனார். அவர் உம்கேனி ஆற்றங்கரையில், டின் டவுன் என்ற பழைய குடியிருப்பில் வளர்ந்தவர். மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கம் போகிறோம் என்றாலே முகம் இறுகிவிடும், காரணத்தை மட்டும் விரிவாகச் சொல்ல மாட்டார்.

நாய்களை அனுமதிக்கும் பாதைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், நாய்களை ஆற்றில் இறங்க விடலாமா, உண்ணிக்கும் பாம்புக்கும் என்ன செய்வது என்பவையே என் கேள்விகள். நடந்து பார்த்தவர்கள் நடந்ததைச் சொன்னால் போதும்.

மேட்டுப்பனி, ஹோவிக்:

வணக்கம் அக்கா. நான் இங்கே வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன; வாரத்தில் நான்கு நாளாவது என் நாயோடு நடப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றதும் பலரும் இயற்கைக் காப்பகங்களைத்தான் நினைக்கிறார்கள். மாகாணத்தின் காப்பகங்களில் வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதி இல்லை. டர்பன் அருகே கிளூஃபில் இருக்கும் கிரான்ட்ஸ்கிளூஃப் பள்ளத்தாக்கு எத்தனை அழகாக இருந்தாலும் ராணிக்கும் கறுப்பனுக்கும் அங்கே வழி கிடையாது. ஆகவே உங்களுக்குப் பொருத்தமானவை கார்க்ளூஃப், டார்கிள், லயன்ஸ் ஆறு ஆகிய பக்கங்களில் உள்ள தனியார் பண்ணைகளும், நாயோடு தங்க இடம் கொடுக்கும் விடுதிகளின் நடைபாதைகளும்தான். அவற்றில் பல பண்ணைகள் நாய்களை வரவேற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி. கயிற்றில் கட்டித்தான் வர வேண்டும் என்பார்கள், இன்ன மாதங்களில் ஆற்றோர வயலுக்கு வரக் கூடாது என்பார்கள். முதல் நாளே தொலைபேசியில் பேசி, எத்தனை பேர், எத்தனை நாய்கள், என்ன இனம் என்று சொல்லிவிட்டுப் போவதே முறை.

இந்த அனுமதி விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மிட்லண்ட்ஸ் புல்வெளிகளில் ஓரிபி என்றொரு சிறு மான் வாழ்கிறது. தென்னாப்பிரிக்காவில் அது அழியும் நிலையில் இருக்கும் விலங்கு. நாய்க் கூட்டத்தை ஏவி நடத்தும் சட்டவிரோத வேட்டை அதன் பெரிய எதிரிகளில் ஒன்று. விடியற்காலையில், முன்பின் தெரியாத கார் ஒன்று பண்ணை வேலியோரம் நின்று, அதிலிருந்து ஓர் ஆப்பிரிக்கானிஸ் நாய் இறங்கினால், பண்ணைக்காரர் மனத்தில் முதலில் எழுவது அந்த வேட்டைதான். கறுப்பன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இருந்தாலும் சந்தேகத்தோடு ஒருவர் உங்களை நோக்கி வண்டி ஓட்டி வருவதைக் காட்டிலும், "நேற்றுப் பேசியது நீங்கள்தானே" என்று கையசைத்து வருவது எவ்வளவோ மேல்.

அடுத்தது நேரம். பீனிக்ஸிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஹோவிக் வந்து சேர ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். நான்கு மணிக்குக் கிளம்பினால் ஐந்தரைக்குப் பாதையில் கால் வைக்கலாம். ஹோவிக் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே இருப்பதால், டர்பனைக் காட்டிலும் ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கை நம்பிப் பத்து மணிக்கு வந்து சேர்கிறவர்கள்தான் அதிகம். மேட்டு வெயிலில் ஈரப்பதம் குறைவு, சுடுவது குறைவில்லை. பள்ளத்தாக்கின் அடியில் காற்றும் நின்றுவிடும். ஆற்றோரம் குளிர்ச்சி என்று நீங்கள் நம்பியது காலை ஏழு மணி வரைக்கும் உண்மை.

அந்த ஏழு மணிக்கு முன்னால் பார்க்கக் கிடைப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விடியும்போது கார்க்ளூஃப் பள்ளத்தாக்கில் பனி ஆற்றின் வளைவுகளை அப்படியே வரைந்துகொண்டு கிடக்கும், ஆறு கண்ணுக்குத் தெரியாது. மேலிருந்து பார்த்தால், யாரோ பால் ஊற்றி வைத்ததுபோல் ஆற்றுக்கு மேலே இன்னொரு வெள்ளை ஆறு ஓடும். பால் கறக்கும் கொட்டகையின் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்கும். நாயின் முதுகில் பனித்துளிகள் முத்து முத்தாக நின்று, அது ஒருமுறை உதறினால் உங்கள் கால்சட்டை நனைந்துவிடும். கொக்கு இனங்களில் அரிய நீலக் கொக்கும் தாடிக் கொக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் ஈர நிலங்களுக்கு வருகின்றன. கோடையில் தரையில் கூடு கட்டும் பறவைகளும் உண்டு. ஆகவே உயரமான புல்லுக்குள் நாயை விடாதீர்கள்.

ராணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், அதுவும் ஆற்றை ஒட்டிய சமதளப் பாதையில் மட்டும். கறுப்பனுக்குப் போதாது என்றால் அவனை ஒருவர் தனியாக மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகட்டும்.

காலைநடை, வெஸ்ட்வில்:

நல்ல விவரங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. நாய் என்பது ஓடப் பிறந்தது. கயிற்றில் கட்டி மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டு நடப்பதற்கு வீட்டுத் தெருவே போதுமே. என் நாய் ஒரு சீழ்க்கைக்குத் திரும்பி வந்துவிடும். இனாண்டா பக்கம், ஆயிரம் குன்றுகள் பள்ளத்தாக்கில், பலமுறை அவிழ்த்துவிட்டே நடந்திருக்கிறேன். ஒருநாளும் சிக்கல் வந்ததில்லை.

மேட்டுப்பனி, ஹோவிக்:

சீழ்க்கைக்குத் திரும்பி வரும் நாய்க்கும், கன்றோடு நிற்கும் பசு துரத்தும்போது சீழ்க்கை காதில் விழாத நாய்க்கும் அதிக வேறுபாடில்லை ஐயா. துரத்தப்பட்ட நாய் எங்கே ஓடும்? நேராக உங்களிடம்தான், பசுவையும் பின்னால் கூட்டிக்கொண்டு. ஒருமுறை எனக்கே நடந்தது. மின்வேலிக்கு அடியில் குப்புற விழுந்து தப்பித்தேன். என் நாய் வேலியில் மூக்கை வைத்து அலறிய அலறலில் பசுவே திகைத்து நின்றுவிட்டது.

ஆயிரம் குன்றுகள் பக்கம் நிலைமை வேறு. அங்கே பாதை மக்களின் வீட்டு வாசல்களை ஒட்டிப் போகிறது. ஆடுகளும் மாடுகளும் மேயும், ஒவ்வொரு வீட்டிலும் காவல் நாய்கள் இருக்கும். நாம் நடப்பது அவர்களுடைய ஊருக்குள். உள்ளூர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவரிடம் "சனிபோனானி" என்று முதலில் நாம் வணக்கம் சொல்லி, நாயைக் கயிற்றில் அருகே பிடித்துக்கொண்டு போனால், வழி கேட்காமலேயே வழி சொல்வார்கள். எங்கள் பாட்டனார் தலைமுறையில் பலர் சூலு மொழியைத் தமிழுக்கு இணையாகப் பேசினார்கள். நமக்கு அந்த ஒரு வணக்கமாவது வர வேண்டாமா? நாய் ஓட ஆசைப்பட்டால், பத்து மீட்டர் நீளக் கயிறு கடையில் கிடைக்கிறது.

பச்சிலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

வணக்கம் சகோதரி. கால்நடை மருத்துவமனை ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் எங்கள் வாசலில் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே நல்ல எண்ணத்தோடு நடக்கப் போனவர்கள்தான். எனவே உங்களைக் குற்றவாளியாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ராணிக்கு அன்று நடந்தது வெப்பத் தாக்கு. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், நாய்க்குப் பாதத்தில் மட்டுமே வியர்வை. மற்றபடி நாக்கை வெளியே தொங்கவிட்டு இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளிர வைக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவி போக இடமில்லை. டர்பன் கோடையில் முப்பது டிகிரியே பருத்த, வயதான நாய்க்கு ஆபத்தாக முடிவதற்குக் காரணம் இதுதான். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரிக்குச் சற்று மேல் வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். இரைப்பு ஓயாமல் போவது, எச்சில் பிசின்போல் கெட்டிப்படுவது, நடை தள்ளாடுவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்திலேயே நில்லுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், வயிறும் தொடை இடுக்கும் நன்றாக நனையும்படி ஆற்று நீரை ஊற்றி, தொப்பியால் விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சிறிது நேரத்தில் அது கம்பளியாகிவிடும். மயங்கிய நாயின் வாயில் நீர் ஊற்றாதீர்கள். எழுந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். தாரிலோ பாறையிலோ உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத இடத்தைப் பாதமும் பொறுக்காது.

இப்போது உண்ணி. தென்னாப்பிரிக்காவில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் பிலியரி என்ற சொல் தெரியும், ஆனால் அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு. உண்ணியின் எச்சில் வழியாக இரத்தத்துக்குள் போகும் பேபீசியா என்ற நுண்ணுயிர் சிவப்பணுக்களை உடைக்கிறது. இங்கே காணப்படும் வகை மற்ற நாடுகளில் உள்ளவற்றைக் காட்டிலும் கடுமையானது. உண்ணி கடித்த அன்றே நோய் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை நாய் நன்றாக விளையாடும், பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அன்று மாலையே அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியோ மஞ்சள் கலந்தோ இருந்தால், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் வந்துவிடுங்கள். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். தாமதித்தால் இரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே நடை முடிந்து வீட்டுக்கு வந்தவுடன் காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடி, அக்குள், விரலிடுக்கு, வாலடி என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரல் நுனிக்குத்தான் சிறிய உண்ணி அகப்படும். உண்ணி ஒட்டிக்கொண்ட உடனே கிருமியைச் செலுத்திவிடுவதில்லை, அதற்கு ஒரு நாளாவது பிடிக்கும் என்பதால் அன்றே எடுத்தால் பயனுண்டு. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பாரஃபின் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் நம் பாட்டிமார் காலத்து வழக்கம். அப்படிச் செய்தால் உண்ணி சாகுமுன் வயிற்றில் இருப்பதை நாயின் உடம்பில் கக்கிவிடக்கூடும். உண்ணி மாத்திரையோ கழுத்துப்பட்டையோ எதுவானாலும் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பே தொடங்குங்கள்.

பாம்பு பற்றிச் சுருக்கமாக. பஃப் ஆடர் என்னும் விரியன் காலடி ஓசை கேட்டாலும் விலகாது. பாதையோரத்தில் காய்ந்த இலைபோல் கிடக்கும், நாய் மூக்கை நீட்டியதும் கடிக்கும். மேட்டுப் புல்வெளியில் ரிங்கால்ஸ் உண்டு. அது நஞ்சைக் கண்ணில் துப்பும், நெருங்கினால் மல்லாந்து வாயைப் பிளந்து செத்ததுபோல் நடிக்கும். செத்த பாம்பு என்று நினைத்து முகர்கிற நாய்தான் கடி வாங்குகிறது. கண்ணில் துப்பினால் கால் மணி நேரமாவது நீரால் கழுவிக்கொண்டே இருங்கள். கடித்திருந்தால் கீற வேண்டாம், கட்ட வேண்டாம், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். நஞ்சுமுறி மருந்து விலை அதிகம், எல்லா இடத்திலும் எப்போதும் இருப்பில் இராது. எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று நடக்கப் போகும் முதல் நாளே கேட்டு, எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

ராணி ஓடும் ஆற்றில் வயிறு நனைய நிற்கலாம். அணைகளிலும் குட்டைகளிலும் பச்சை வண்ணம் கரைத்ததுபோல் பாசி மிதந்தால், ஒரு வாய் நீர்கூடக் குடிக்க விடாதீர்கள். சிலவகை நீலப்பச்சைப் பாசி சில மணி நேரத்தில் நாயைக் கொன்றுவிடும். குழந்தைகளையும் தேங்கிய, வெதுவெதுப்பான நீரில் இறக்காதீர்கள், நத்தை வழியாக வரும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் நம் மாகாணத்தில் உண்டு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம் என்பது தெரிந்திருக்கும், அந்த அட்டையையும் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசர்வாயர் ஹில்ஸ் தாத்தா:

மகளே, உன் மாமனார் சொல்லாமல் விட்டதை, அவருடைய அனுமதியில்லாமல், நான் கொஞ்சம் சொல்கிறேன். எனக்கு எண்பத்தொரு வயது. நானும் உம்கேனிக் கரைக்காரன்தான்.

டர்பனின் ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில், ஆற்றை ஒட்டிய வண்டல் மண்ணில், கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்த நம்மவர்கள் காய்கறி பயிரிட்டார்கள். மண் நல்ல மண். அதைக் கொண்டுவந்து போட்டது ஆறு. அதே ஆறுதான் திரும்ப வந்து எடுத்துக்கொண்டும் போனது. 1917 அக்டோபரில் ஓர் இரவு உம்கேனி கரைமீறி வந்தபோது, பதவட்டான் என்பவரும் அவரோடு சேர்ந்த மீனவர்களுமாக ஆறு பேர் ஒரு படகை இறக்கி, கூரைகளிலும் மரங்களிலும் தொங்கிக்கொண்டிருந்த 170க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். எங்கள் தகப்பனார் அந்தப் படகைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். 1976இல் டின் டவுனுக்குள் மறுபடியும் வெள்ளம் வந்தது. அங்கிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டவர்கள்தான் பீனிக்ஸின் முதல் குடிகள். நீ இப்போது பீனிக்ஸில் மருமகளாக இருப்பதற்கே ஒருவகையில் அந்த ஆறுதான் காரணம் என்று வைத்துக்கொள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்ததை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள்.

அதற்காகப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நிறவெறி ஆட்சி நடந்த என் இளமையில் இந்த மேட்டுப் பள்ளத்தாக்குகளுக்கு நம்மவர் நாயைப் பிடித்துக்கொண்டு பொழுதுபோக்காகப் போய் நடக்க முடியாது. தோட்ட வேலைக்காரனாகப் போனால் மட்டும் கேள்வி இருக்காது. இன்று என் பேத்தி அங்கே போய் நாயோடு படம் எடுத்து அனுப்புகிறாள், எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கிறது. நீயும் போ. ஆற்றைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போ.

உன் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை நம்பாதே. ஆறு அறிந்திருப்பது மேற்கே மலையில் பெய்யும் மழையை. நம் மாகாணத்தில் கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு இடியோடு வரும். ஆனால் முந்தின நாள் மாலை மலையில் பெய்தது மறுநாள் காலையில் உன் காலடிக்கு வந்து சேரும். தெளிந்திருந்த நீர் தேநீர் நிறமாக மாறுவது, இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவது, கல்லுக்கிடையே சலசலத்த ஓசை அடங்கி ஒரே இரைச்சலாக ஆவது ஆகியவைதான் அடையாளங்கள். கரைக்குப் போனவுடன் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வை. அரை மணிக்கு ஒருமுறை பார். குச்சி நனைந்தால் பேச்சில்லை, திரும்பிவிடு. ஆற்றைக் கடந்து போகும் பாதையாக இருந்தால், கடந்த பிறகு திரும்ப வர வேண்டும் என்பதை நினை. நாய் அடித்துச் செல்லப்பட்டால் பின்னால் குதிக்காதே. நாய் பெரும்பாலும் கரை ஏறிவிடும், குதித்தவர்களைத்தான் நாங்கள் தேடியிருக்கிறோம்.

ஹோவிக் நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள மடுவில் இன்கன்யாம்பா என்ற பெரும் பாம்பு இருப்பதாகச் சூலு மக்கள் சொல்வார்கள். அது சினந்தால் புயல் வருமாம். சிறுவனாக இருந்தபோது சிரித்தேன். இப்போது, அந்தக் கதை எத்தனை குழந்தைகளை அந்த மடுவிலிருந்து தள்ளி வைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இரட்டைவால், பீனிக்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. டிசம்பர் 16 விடுமுறையன்று போய் வந்தோம், நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேட்டுப்பனி சொன்னபடி கார்க்ளூஃப் பக்கம் ஒரு பண்ணையில் முன்பே பேசி வைத்திருந்தேன். நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றதும் நாத்தனார் வீட்டுக்காரர் விடுமுறை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். ஐந்தே முக்காலுக்குப் பாதையில் இறங்கினோம். பனி ஆறு உண்மைதான். பிள்ளைகள் அதற்குள் இறங்கி நடந்து, ஒருவரை ஒருவர் காணாமல் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். ராணி ஆற்றில் ஒரு தட்டைக் கல்மேல் வயிறு நனைய நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கோயில் குளத்தில் முழுக்குப் போடும் மூதாட்டிபோல் அசையாமல் இருந்தாள். கறுப்பன் நீளக் கயிற்றை மூன்று மரங்களில் சுற்றிவிட்டு, நடுவில் நின்று எங்களைப் பார்த்து விழித்தான். காலைநடை ஐயாவுக்கு இது மகிழ்ச்சி தரலாம்.

எதிர்பாராதது என்னவென்றால், மாமனாரும் வந்தார். தாத்தாவின் பதிவை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஆற்றிலிருந்து முப்பது அடிக்கு மேலே ஒரு பாறையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் பிரிக்கும்போது, அவர் மெல்ல இறங்கி வந்து, நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மீண்டும் மேலே போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சாப்பாடு தொண்டையில் நின்றுவிட்டது. எட்டரை மணிக்கு அவர் அங்கிருந்தபடியே "அம்மா, குச்சியைப் பார்" என்றார். குச்சி இரண்டு விரற்கடை நீருக்குள் இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வானில் ஒரு மேகம் இல்லை. நீரின் நிறமும் மாறியிருக்கவில்லை, அல்லது மாறியது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நாத்தனார் வீட்டுக்காரர் இன்னும் ஒரு வளைவு தாண்டினால் சிற்றருவி இருக்கிறது என்றார். அதற்கு ஆற்றைக் கடக்க வேண்டும். திரும்பிவிட்டோம். ஆறு அதற்குப் பிறகு எவ்வளவு ஏறியது என்பது எனக்குத் தெரியாது, அன்று வெள்ளம் வந்ததாகவும் செய்தி இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி வரும்போது பின்னால் மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாய்களையும் விரலால் தடவியதில் ஏழு உண்ணிகள் அகப்பட்டன. எட்டாவது, மிளகைவிடச் சிறியது, கறுப்பனின் பின்கால் விரலிடுக்கில் மூன்றாம் நாள்தான் கிடைத்தது. பச்சிலை சொன்னபடி தினமும் மாலையில் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறோம். இன்று பதினேழாம் நாள், ஈறு இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. ராணிக்கு இந்த வழக்கம் பழகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே தானாக உதட்டைத் தூக்குகிறாள்.

ஒரே ஒரு சந்தேகம். புல்லில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கறுப்பு ஊசி விதைகள், பிளாக்ஜாக், ராணியின் காதுமயிரிலும் வாலிலும் இன்னும் சிக்கிக் கிடக்கின்றன. சீப்பை எடுத்தாலே மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். கத்தரிக்கத்தான் வேண்டுமா?

பச்சிலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

கத்தரிக்க வேண்டாம். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அந்த இடத்தை நன்றாகப் பிசைந்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து விரலாலேயே ஒவ்வொன்றாக உருவுங்கள், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். காதின் உட்பக்கத்தில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தால் புல்விதை காதுக்குள் போயிருக்கக்கூடும். அப்படியானால் நீங்களே துழாவாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஈறு பார்ப்பதை இருபத்தொரு நாள் முடியும்வரை விடாதீர்கள், எட்டாவது உண்ணிக்கு மூன்றாம் நாளிலிருந்துதான் கணக்கு.